கியர் ராடில் கட்டிய டியூப்

பலமனேரில் என் தங்கை வீட்டில் காதுகுத்து. மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்காமல் எங்கள் லாரியிலேயே சித்தூருக்குக் கிளம்பினேன். லாரி என் பேரில் இருக்கிறது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். பின்னால் இரண்டு கிரானைட் கல். வீட்டு பீரோ மூன்றைச் சேர்த்து வைத்தால் வரும் அளவு ஒவ்வொன்றும். குவாரியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற கல்.

மொகிலி காட் ரோடு என்கிற மலைச் சாலையில் இறங்குவதற்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். ஒண்ணுக்குப் போகத்தான் என்று நினைத்தேன். அவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு கறுப்பு டியூப் துண்டை எடுத்தார். சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கிழித்தது. ஒரு முனையை கியர் ராடின் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். மறு முனையில் கம்பியை வளைத்துச் செய்த கொக்கி. வண்டியை எடுத்தார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது விழுந்ததும் கொக்கியை இழுத்துத் தன் சீட்டின் இரும்புக் காலில் மாட்டினார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் போடுவதுபோலச் செய்தார்.

"இன்னாயா இது?"

"சொம்மா இருமே. மூணாவது கழண்டுக்கினு வருது."

லாரி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சரிவில் லோடு வண்டியைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டும் இல்லை. கியரில் இருக்கும்வரை இன்ஜினும் வண்டியை ஓடவிடாமல் பிடித்திருக்கும். கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அந்தப் பிடி போய்விடும். கல்லின் மொத்தக் கனமும் பிரேக்கின் மேல் விழும். நாலைந்து வளைவுக்குள் பிரேக் சூடேறிக் கருகும். அப்புறம் காலுக்கு அடியில் பிரேக் இருக்கும், ஆனால் பிடிக்காது. அந்தக் காட் ரோட்டில் வருஷா வருஷம் ஆள் சாவது இப்படித்தான்.

வழி முழுக்க அந்த ராடு டியூப்பை இழுத்து இழுத்து நடுங்கிக்கொண்டே வந்தது. நான்காவது வளைவில் ஒரு பள்ளம். வண்டி தூக்கிப் போட்டதும் ராடு எகிறியது, டியூப் இழுபட்டு மெலிந்தது. அவர் இடது உள்ளங்கையை வைத்து ராடை அழுத்தினார். முழங்காலையும் வைத்து அழுத்தினார். ஸ்டியரிங்கில் வலது கை மட்டும். கீழே இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ராடு பழைய இடத்தில் உட்கார்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் கை தவறிவிடும் என்று பயம்.

பங்காருபாளையத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினார். அங்கே வைத்துத்தான் கத்தினேன். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எத்தினி நாளா இப்படி ஓட்டிக்கினு கீற?"

"மாங்கா சீசன்லருந்து."

மாங்காய் சீசன் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னா இன்னா செய்வ? கத்துவ. இப்ப கத்துற மாரி."

அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை நடுவில் தோல் தடித்து, ராடின் தலை பதிந்த அளவுக்கு வட்டமாகக் கறுத்திருந்தது. நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அந்தக் கையை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல் இல்லை.

நகரி பக்கம் எங்கள் நைனா எனக்கு எழுதிவைத்த நிலத்தை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கினோம். அதனால்தான் என் பேரில் இருக்கிறது. வாங்கியபோது வண்டி சாதுவாகத்தான் இருந்தது. இன்ஜினுக்கு வெறியேற்றிவிட்டது நான்.

குவாரியில் இருப்பது ஒரே ஒரு கிரேன். முதலில் வந்து நிற்கிற லாரிக்கு முதலில் கல். காட் ரோடு ஏறும்போது எங்கள் வண்டியை நாலு பேர் தாண்டிவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் கல் ஏற்றி முடித்தபிறகுதான் இவருக்கு. சில நாள் சாயங்காலம்வரை வெயிலில் உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் ஒருத்தர் லேப்டாப் வைத்து இன்ஜினுக்குப் பவர் ஏற்றித் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். இவர் வேண்டாம் என்றார். "பின்னால கீற பெட்டி தாங்காது" என்றார். கியர் பாக்ஸை லாரிக்காரர்கள் பெட்டி என்றுதான் சொல்வார்கள். நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஓட்டத் தெரியாதவன் மாரி பேசாத" என்றேன்.

லேப்டாப்காரர் வந்து ஸ்டியரிங்குக்கு அடியில் வயரைச் சொருகினார். ஒரு டீ ஆறுகிற நேரம்தான். வண்டி எகிறிக்கொண்டு போனது. மற்ற டிரைவர்கள் என்னைப் பார்த்தால், "இன்னாக்கா, ஏரோப்ளேன் இன்ஜினு மாட்டிட்டியா?" என்று கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. லேப்டாப் மாற்றியது இன்ஜினை மட்டும்தான். பின்னால் இருக்கிற கிளட்ச், பெட்டி எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த அதே பழைய சரக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தவர் வாயை நான் அடைத்துவிட்டேன்.

சித்தூரில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்கை எல்லாரும் மேஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். கல்லை இறக்கிவிட்டு வந்த மறுநாள் அவர் ஷெட்டில் வண்டியை விட்டோம். பெட்டியை இறக்கி எண்ணெயை வடித்தார். சட்டியில் விழுந்த எண்ணெயில் வெள்ளித் தூள் மின்னியது. அத்தனையும் தேய்ந்த இரும்பு. மூன்றாவது கியரைக் கழற்றித் துணியால் துடைத்து என் கையில் வைத்தார்.

"இதி போயிந்தி அக்கா. போச்சு. பக்கவாட்டுல சின்னச் சின்னப் பல்லு இருக்குது பாரு, கியரு கழலாம பிடிச்சு வைக்கிறது இதுதான். புதுசுல கூரா இருக்கும்."

தொட்டுப் பார்த்தேன். கூர் எங்கேயும் இல்லை. கரைந்த சோப்பு மாதிரி எல்லாப் பல்லும் உருண்டு போயிருந்தது.

"பவர் ஏத்தினதாலயா மேஸ்திரி?"

அவர் என்னையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "பவர் ஏத்தினா பெரிய பல்லு போகும், பேரிங் போகும். அதுவும் போயிருக்கு. ஆனா சின்னப் பல்லு இப்படி உருள்றது அதனால லேது, அதனால இல்ல." இவர் பக்கம் திரும்பினார். "அன்னா, நிஜம் சொல்லு. காட்ல நியூட்ரல்ல விடறியா?"

இவர் சட்டைப் பையில் பீடி தேடினார்.

இந்தப் பக்கத்து லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. இறக்கம் வந்தால் கியரைக் கழற்றி நியூட்ரலில் விடுவார்கள். வண்டி தானாக ஓடும், டீசல் மிச்சம் என்று நினைப்பு. வளைவு நெருங்கும்போது ஓடுகிற ஓட்டத்திலேயே கியரைத் திணிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் பல்லும் பல்லும் மோதும். மோதி மோதித்தான் இப்படி உருண்டிருக்கிறது. கழலாமல் இருக்க டியூப் கட்டினார் என்றுதான் நான் நினைத்தேன். கழல்கிற மாதிரி ஆக்கியதும் இவர்தான்.

"இன்னாத்துக்குயா நியூட்ரல்ல விட்ட?" என்றேன்.

"நீதான தெனம் கேக்குற, லிட்டருக்கு எவ்ளோ குடுத்துச்சு, லிட்டருக்கு எவ்ளோ குடுத்துச்சுன்னு. பவர் ஏத்தினா டீசல் குடிக்காதா? ஏத்தத்துல குடிச்சத எங்க புடிக்கிறது? எறக்கத்துலதான் புடிக்கணும்."

"நான் உன்ன நியூட்ரல்ல போவச் சொன்னனா?"

"வேற எப்படிப் புடிக்கிறது? எறங்கித் தள்ளிக்கினு போறதா?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேரும் சேந்துதான் உடைச்சிருக்கீங்க. ஆளுக்குப் பாதி. சண்டைய வூட்ல வச்சிக்கோங்க. இப்ப இன்னா போடறதுன்னு சொல்லுங்க."

இரண்டு வழி இருக்கிறது என்றார். இதே பெட்டிக்குப் புது மூன்றாவது கியர், அதோடு சேர்ந்து உழைக்கிற சாமான்கள், பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் போடலாம். தாங்கும். ஆனால் இன்ஜின் பவரைப் பழையபடி இறக்கியாக வேண்டும். இல்லையென்றால் பெரிய லாரியின் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டலாம். அது இந்தப் பவரைத் தாங்கும். புதுசு வாங்க எங்களால் ஆகாது, திருப்பதியில் பழையது கிடைக்கும்.

"பவரும் இருக்கட்டும், கியர மட்டும் மாத்திக் குடுங்க மேஸ்திரி," என்றார் இவர்.

"குடுக்கறேன் அன்னா. அப்படியே புது டியூப் ஒண்ணும் வாங்கிக்கோ. ஆறு மாசத்துல வேணும்."

கிளம்பும்போது மேஸ்திரி விரல் நீளத்துக்கு உடைந்த ஒரு அரத்துண்டை என்னிடம் கொடுத்தார். அரம் என்றால் இரும்பை ராவுவது. "டப்பாவப் பாத்து ஏமாறாத அக்கா. எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும். பல்லு மேல இத வச்சு இழு. வழுக்கிச்சுன்னா நல்ல இரும்பு, வாங்கு. புடிச்சிச்சுன்னா அங்கியே வச்சிட்டு வா." இவரிடம் கொடுக்காமல் என்னிடம் ஏன் கொடுத்தார் என்று கேட்கவில்லை. பவரை இறக்க மனசில்லாமல் இவர் பெரிய பெட்டிக்குத்தான் போவார் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு வழியையும் பார்த்துவிடலாம் என்று, பழைய கியரை அளவுக்காக எடுத்துக்கொண்டு, கிழிந்த லுங்கியில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்துத் திருப்பதி பஸ் ஏறினோம். மடியில் வைத்துக்கொண்டேன். பாகாலா பக்கத்தில் ஏறிய ஒரு அம்மா, குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர், என் பக்கத்தில் உட்கார்ந்தார். துணி மூட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமிக்குக் காணிக்கை முடிப்பாம்மா? இவ்ளோ கனமா முடிஞ்சிருக்கீங்க!"

"கியரும்மா. லாரி கியரு."

அவர் தன் புடவையில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் இருக்கிற இந்த ஒரு துண்டு இரும்புதான் நான்கு மாதமாக இந்த மனுஷனுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருந்தது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

திருப்பதியில் லாரி சாமான் கடைக்காரர் என் பக்கமே திரும்பவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் இவரைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே மாதிரி மின்னுகிற ஸ்டிக்கர். ஒன்றுக்கு விலை கம்மி. நான் இரண்டையும் பிரித்தேன். அரத்துண்டை வெளியே எடுத்தேன்.

"அம்மா, அம்மா, கீறல் விழுந்தா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்!"

"விழுந்தாத்தான் ரிட்டர்னு. விழலன்னா நான் வாங்கிக்கினு போறேன்."

முதல் கியரின் பல்மேல் அரத்தை வைத்து இழுத்தேன். கிர்ரென்று பிடித்தது. பளபளவென்று ஒரு கோடு விழுந்தது, விரலில் தூள் ஒட்டியது. மேல் பூச்சுதான் கறுப்பு, உள்ளே பதமேற்றாத பச்சை இரும்பு. இரண்டாவதில் இழுத்தேன். கண்ணாடிமேல் இழுத்தது போல வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தடவை அழுத்தி இழுத்தேன். வழுக்கியது.

"இதக் குடுங்க."

கடைக்காரர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "மேடம் லாரி ஓட்டறீங்களா?"

"இல்ல. ஓட்டறவர வூட்ல வச்சிருக்கேன். அவரு திரும்பி வரணும்."

அடுத்து கிளட்ச் பிளேட். சாதாரணப் பிளேட் ஒன்று. சுற்றிலும் பட்டன் மாதிரி கட்டி கட்டியாக வைத்த இன்னொன்று. "பவர் ஏத்தின வண்டிக்கு எல்லாரும் பட்டன் பிளேட்தான் போடறாங்க. கொஞ்சம்கூட வழுக்காது" என்றார் கடைக்காரர். இவரும் தலையாட்டினார். நான் மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"அது டக்குன்னு கவ்வும் அக்கா," என்றார் மேஸ்திரி. "கவ்வற அடி மொத்தமும் பல்லுக்குப் போகும். கிளட்ச் கொஞ்சம் வழுக்கட்டும், பல்லு பொழைக்கும். பிளேட் தேஞ்சா மாத்திக்கலாம். காட்ல பல்லு போனா இன்னாத்த மாத்துவ?"

சாதாரணப் பிளேட்டிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தேன். அதற்குள் இவர் பொறுமை போய்விட்டது. "எதுக்குமே இதெல்லாம்? மொதல்ல பெட்டியப் பாப்போம் வா" என்று பின்பக்க ஷெட்டுக்கு நடந்தார்.

ஷெட் முழுக்கப் பழைய இரும்பு. ஓரமாக மரக்கட்டைமேல் அந்தப் பெரிய பெட்டி இருந்தது. எங்கள் பெட்டியைவிட ஒன்றரை மடங்கு. இவர் அதைச் சுற்றி வந்தார், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், அதன் வாயில் நீட்டியிருந்த தண்டைச் சுழற்றிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"இது தாங்கும்மே. பவரயும் எறக்க வேணாம், ஒண்ணியும் வேணாம். சாவற வரைக்கும் ஓட்டலாம்."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

"நல்ல பெட்டி," என்றார் கடைக்காரர். "அடிபட்ட லாரியிலருந்து எடுத்தது. பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. கியர் ராடு, லிங்க் எல்லாம் சேத்தே குடுத்துடறேன்."

"எங்க அடிபட்டுது?" என்றேன்.

"எங்கியோ காட்ல மேடம்."

"டிரைவரு?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "நாங்க இரும்பு வாங்கறோம் மேடம். அதெல்லாம் கேக்கறது லேது."

ராடைப் பார்க்கலாம் என்று குனிந்தேன். இவர் அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "தள்ளுயா" என்றேன். தள்ளவில்லை. "தள்ளு" என்று தோளைப் பிடித்து நகர்த்தினேன்.

தரையில் கிடந்த அந்த ராடின் கழுத்தில் ஒரு கறுப்பு டியூப் துண்டு சுற்றியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. மறு முனையில் கம்பிக் கொக்கி. கொக்கியின் வளைவு நிமிர்ந்து நேராகிப் போயிருந்தது.

விரலை அந்த டியூப் பக்கம் நீட்டினேன்.

"நீ பாத்தியா இத?"

"பாத்தேன்."

"பாத்துட்டா மறைச்சிக்கினு நின்ன?"

"எல்லாரும் கட்டறதுதான்மே! ரோட்டுல ஓடற வண்டியில பாதி வண்டியில கீது. அதுக்கோசரம் பெட்டி கெட்டதுன்னு ஆய்டுமா? மேஸ்திரி உள்ள இருக்கறத மாத்திக் குடுப்பாரு."

"பெட்டிய மாத்துவாரு. உன் கைய யாருயா மாத்தறது? இது பெரிய பெட்டிதான? எல்லாத்தையும் தாங்கறதுதான? இதுவும்தான் கழண்டுக்கினு வந்திருக்கு. அவனும் உன்ன மாரியே நியூட்ரல்ல வுட்டிருக்கான், உன்ன மாரியே கட்டியிருக்கான். என்ன மாரியே ஒருத்தி வூட்ல குந்திக்கினு லிட்டருக்கு எவ்ளோன்னு கேட்டுக்கினு இருந்திருப்பா."

கடைக்காரர் மெதுவாக வெளியே போய்விட்டார்.

இவர் குனிந்து டியூப்பைத் தொட்டார். கொக்கியை விரலால் தடவினார். "பவர எறக்கினா திரும்பவும் கடைசில போயி நிக்கணும்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நில்லு."

"சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். நான் இனிமே டீசல் கேக்க மாட்டேன். நீ இனிமே நியூட்ரல்ல வுடக் கூடாது. வுட்டியோ, வண்டிய நானே கொளுத்திடுவேன். எம் பேர்லதான் கீது."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அரம் வழுக்கிய கியர், அதோடு சேர்ந்த சாமான்கள், பேரிங், பிளேட் எல்லாம் வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். தெருவில் இறங்கி நடக்கும்போது எதிர்வீட்டுப் பெண் கூடையைப் பார்த்துவிட்டு, "திருப்பதிக்கா போனீங்க, லட்டு எங்கக்கா?" என்று கையை நீட்டினாள். நான் முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

பவரை இறக்க அதே லேப்டாப்காரர் வந்தார். "எல்லாரும் ஏத்தச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எறக்கச் சொல்லிக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான் மேடம்" என்று சிரித்தார். இவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஷெட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழைய டியூப்பை நான் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டேன். வீடு முழுக்க நாறியது.

பழுது பார்த்த எங்கள் பெட்டி ஏறியபிறகு முதல் லோடுக்கு நானும் கூடப் போனேன். கூப்பிடவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டேன். குவாரியில் கடைசியாகத்தான் கல் ஏறியது. ஏரோப்ளேன் என்று சொன்ன டிரைவர்களே, "இன்னாண்ணா, பெட்ரோல் தீந்துடுச்சா ஏரோப்ளேனுக்கு?" என்று கேட்டார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு கல்லுக்குச் சங்கிலி இழுத்துக் கட்டினார். பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

காட் ரோடு தொடங்கும் இடத்தில் அவர் கை தானாகச் சீட்டுக்கு அடியில் போனது. தேடியது. வெறும் கையாகத் திரும்பி வந்து ராடின் தலைமேல் உட்கார்ந்தது. மூன்றாவது கியர். இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கியது, ஆள் ஓடினால் முந்திவிடலாம் போல மெதுவாக. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒரு கல் லாரி எங்களைத் தாண்டிப் போனது. அவ்வளவு பெரிய வண்டிக்கு இன்ஜின் சத்தமே இல்லை. டயர் ரோட்டில் உரசுகிற சத்தமும் காற்றும்தான். நியூட்ரல். டிரைவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். இத்தனை வருஷம் இந்த ரோட்டில் வந்திருக்கிறேன். சத்தம் போடாமல் போகிற லாரியைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

நான்காவது வளைவில் அதே பள்ளம். வண்டி தூக்கிப் போட்டது. ராடு ஒரு நடுக்கம் நடுங்கியது. எகிறவில்லை. இன்னும் இரண்டு வளைவு போனபிறகு அவர் இடது கையை ராடிலிருந்து மெதுவாக எடுத்தார். கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் வைத்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த இறக்கத்தில் அவருடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது.

பங்காருபாளையம் டீக்கடையில் டம்ளரை இடது கையில் வாங்கினார். உள்ளங்கையைப் பார்த்தார். "வலிக்கல" என்றார். அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். மூன்று வாரம் கழித்து கேபினைக் கூட்டும்போது சீட்டுக்கு அடியில் ஒரு டியூப் துண்டு கிடைத்தது. புதுசு. கொக்கியும் புதுசு.

"இது இன்னாயா?"

"சொம்மா கீது. கட்டல. கீதுன்னா ஒரு தைரியம், அவ்ளோதான்."

கட்டிய மடிப்பு அதில் இல்லை, பார்த்தேன். சொன்னது உண்மையாக இருக்கலாம். அதையும் அடுப்பில் போட்டேன். இன்னொன்று கிழித்துக்கொள்வார். எந்தப் பஞ்சர் கடையில் கேட்டாலும் சும்மா கொடுப்பார்கள். நியூட்ரலில் விடுகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? லிட்டருக்கு எவ்வளவு என்று நான் இப்போது கேட்பதில்லை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது வாய்வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். அவரும் அதைக் கவனிக்கிறார்.

லோடு ஏற்றிக் கிளம்புகிற நாட்களில் காட் ரோடு தொடங்கும்போது நானே போன் செய்கிறேன். போனை ஸ்டாண்டில் மாட்டி ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் எதுவும் பேச வேண்டாம், நானும் பேசுவதில்லை. சத்தத்தைக் கேட்பேன். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தால் கியரில் இருக்கிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கும், போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே கிண்டுவேன்.

நடுவில் இரண்டு வளைவுக்கு சிக்னல் இருக்காது. அப்போது எந்தச் சத்தமும் வராது. சிக்னல் போனதா, இன்ஜின் சத்தம் போனதா என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் எதையும் கிண்டுவதில்லை. போனைக் காதில் வைத்து அப்படியே நிற்கிறேன்.